கதிர் நின்ற இடத்தில் பச்சை

ஒரு படத்தில் ஒரு மூலை கருப்பாக இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். அங்கே உண்மையாகவே வெளிச்சம் இல்லை. அல்லது, அங்கே போன கதிரை நாம் பாதி வழியில் நிறுத்திவிட்டோம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு தப்பைச் செய்துதான் நான் இதைத் தெரிந்துகொண்டேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்களும் அதையே செய்ய வேண்டாம் என்று எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டி விளக்கு செய்கிற கம்பெனி. நான் மத்தூர்ப் பக்கம். பத்தாவது இரண்டு தடவை எழுதித் தவறிவிட்டு, அதற்குப் பத்து வருஷம் முன்பே பஃபிங் செக்‌ஷனில் சேர்ந்திருந்தேன். ஹெட்லைட்டுக்குள் கிண்ணம் மாதிரி ஒரு தகடு இருக்கும். பல்பின் வெளிச்சத்தை முன்னால் தள்ளுவது அதுதான். அதைச் சுழலும் துணிச் சக்கரத்தில் பிடித்து, முகம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். பத்து வருஷம் தேய்த்தேன். ஒரு நாள் சக்கரம் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டது. என் வலது மணிக்கட்டும் கூடவே போனது. எலும்பு கூடிவிட்டது. பிடி திரும்பி வரவில்லை.

வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். டிசைன் மேனேஜர் அனுப்பவில்லை. கம்ப்யூட்டர் அறையில் உட்காரச் சொன்னார். புது விளக்கு எப்படி இருக்கும் என்று, டை என்கிற அச்சை வெட்டுவதற்கு முன்பே படம் போட்டுக் காட்டுகிற கம்ப்யூட்டர் அது. ஒரு படம் முடிய ஒரு நாளுக்கு மேல் ஆகும். யாராவது கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். படித்தவர்கள் யாரும் அந்த வேலைக்கு முன்வரவில்லை. எனக்கு வேறு வழி இல்லை.

பஃபிங்கில் என் பக்கத்துச் சக்கரம் முனியப்பா. வீட்டில் தெலுங்கு, மேஸ்திரியிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் பேசுவான். மூன்றிலும் கிண்டல்தான். நான் அந்த அறைக்குப் போன அன்றைக்குச் சொன்னான்:

“போப்பா மாப்ள, போ. ஏசி ரூமு. ஒரு வருசத்துல செவந்துடுவ. அப்பறம் எங்களையெல்லாம் யாருன்னு கேப்ப.”

அறையில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் ஒரு மேடம். பெங்களூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ப்ரோகிராமைக் கம்பெனிக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதியவர் அவர்தான். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. மேடம் என்றே இருக்கட்டும்.

அவர் எனக்கு இப்படித்தான் விளக்கினார். கம்ப்யூட்டர் ஒவ்வொரு புள்ளிக்கும் நம் கண்ணிலிருந்து ஒரு கதிரை அனுப்புகிறது. அது கண்ணாடியில் நுழையும், கிண்ணத்தில் மோதும், திரும்பும், இன்னொரு சுவரில் மோதும். கடைசியில் பல்பைக் கண்டுபிடித்தால் அந்தப் புள்ளி வெளிச்சம். கண்டுபிடிக்காவிட்டால் இருட்டு. மோதுகிற இடத்தில் ஒன்று இரண்டாகவும் பிரியும். விட்டால் போய்க்கொண்டே இருக்கும், படம் முடியாது. அதனால் இத்தனை மோதலுக்குப் பிறகு நில் என்று ஒரு எண் கொடுக்க வேண்டும். எங்கள் ஃபைலில் அது பன்னிரண்டாவது வரி. நாங்கள் வைத்திருந்தது பத்து.

பதிமூன்றாவது வரி, எண் தீர்ந்து கதிர் நின்றுபோனால் அந்தப் புள்ளிக்கு என்ன நிறம் என்று சொல்லும் வரி. மூன்று பூஜ்யம் இருக்கும். அப்படியென்றால் கருப்பு. அதைப் பற்றி மேடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஒரு வண்டிக் கம்பெனி சதுர ஹெட்லைட் கேட்டது. அதுவரை எல்லாம் வட்டம். பார்க்க எடுப்பாக இருக்க வேண்டும் என்று கீழ் மூலை ஒன்றை உள்ளே தள்ளி வரைந்திருந்தார்கள். சின்னப் பை மாதிரி ஒரு குழிவு. வியாழக்கிழமை காலை அவர்கள் வந்து படம் பார்ப்பதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை காலை படத்தை ஓடவிட்டேன். முப்பது மணி நேரக் கணக்கு.

புதன்கிழமை மதியம் கரண்ட் போனது. பேட்டரி தாங்கவில்லை. படம் மேலிருந்து கீழே வரும், உங்களுக்குத் தெரியும். முக்கால்வாசிக்கு மேல் வந்திருந்தது. எல்லாம் போயிற்று. மேடம் அன்றைக்கு வரவில்லை. கர்நாடகத்தில் பந்த், எல்லையில் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் பஸ் ஓடவில்லை. மேனேஜர் அறைக்கு வந்தார்.

“நாளைக்குக் காலைல படம் இருக்குமா?”

“இருக்கும் சார்” என்றேன்.

இருக்காது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பஃபிங் சக்கரத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அங்கே போனால் என் கையால் ஒரு கிண்ணம்கூடப் பிடிக்க முடியாது. அப்புறம் மத்தூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

பன்னிரண்டாவது வரியில் பத்தை நான்காக்கினேன். சாயங்காலமே படம் வந்துவிட்டது. நன்றாகத்தான் இருந்தது, அந்தக் கீழ் மூலை தவிர. அங்கே மை கொட்டின மாதிரி கருப்பு. கதிர்கள் நான்கு மோதலில் நின்றுவிட்டன, அதனால்தான் இந்தக் கருப்பு, பத்து போட்டிருந்தால் வெளிச்சம் வந்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பதிமூன்றாவது வரியில் மூன்று பூஜ்யத்தை எடுத்துவிட்டு, பல்பு நிறத்துக்கு இளமஞ்சள் போட்டேன். மறுபடி ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் மூலை தங்கம் மாதிரி இருந்தது.

வண்டிக் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் அந்த மூலையைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார். “இங்க லைட் வராதுன்னு நெனச்சோம். நல்லா வருதே” என்றார். மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சனிக்கிழமை இரண்டாம் ஷிஃப்டில் டை வெட்ட ஆரம்பிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். டைக்கான எஃகுக் கட்டி பல மாதம் காத்திருந்து வாங்கியது. ஒரு முறை வெட்டினால் வெட்டினதுதான்.

அந்தப் படத்தைப் பெரிதாக எடுத்து கேன்டீன் சுவரில் ஒட்டினார்கள். சனிக்கிழமை சாப்பாட்டு நேரம். முனியப்பா களித் தட்டோடு அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

“ஏம்பா, இது நீ போட்ட படமா?”

“ஆமா.”

“இந்தக் கீழ் மூலைய யாரு தேச்சது?”

“கிண்ணமே இன்னும் வரலியேடா.”

“வந்தா நான்தான தேய்க்கணும்? அதுக்குள்ள சக்கரம் போவாது. வெரலு போவும். வெரலால தேச்சா இந்த மின்னு மின்னுமா?” ஒரு கவளம் விழுங்கினான். “சரி, அது கெடக்கட்டும். பல்பு இங்க இருக்குது. நடுவால சுவரு நிக்குது. வெளிச்சம் எந்த வழியாப் போச்சு? பெங்களூரு சுத்திக்கினு போச்சா?”

கேன்டீனில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. பத்து வருஷம் கிண்ணம் தேய்த்தவன் நான். குழிவான மூலை எவ்வளவு தேய்த்தாலும் இருட்டாகவே நிற்கும் என்று என் கைக்குத் தெரியும். ஏசி அறைக்குப் போனதும் கையைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

தட்டை வைத்துவிட்டு மேலே போனேன். பந்த் முடிந்து அன்றைக்குத்தான் வந்திருந்த மேடம் டிபன் டப்பாவைத் திறந்திருந்தார். நின்றபடியே சொன்னேன். கரண்ட் போனது, நாலு போட்டது, நிறம் மாற்றியது, எல்லாம். அவர் டப்பாவை மூடினார்.

“கட்டிங் எத்தனை மணிக்கு அண்ணா?”

“மூணரைக்கு.”

“இப்போ?”

“ஒண்ணு.”

திட்டுவார் என்று நின்றேன். நாற்காலியை இழுத்து என்னை உட்காரச் சொன்னார்.

“நோடி அண்ணா, இங்க பாருங்க. கலர் மாத்தினது தப்பு இல்லை. விளக்குல இருக்கற கலரையே கொடுத்தீங்க இல்ல, அது தப்பு. இப்போ எது வெளிச்சம், எது நீங்க போட்டதுன்னு யாருக்கும் தெரியாது. உங்களுக்கே தெரியாது.”

“ஆமாங்க.”

“விளக்குல எங்கேயும் இல்லாத கலர் ஒண்ணு சொல்லுங்க.”

“பச்சை.”

“பச்சையே போடுங்க. நமக்குத் தெரியாத எடம் எல்லாம் பச்சை.”

முழுப் படத்துக்கு நேரம் இல்லை. அந்த மூலையை மட்டும் ஒரு சின்னக் கட்டமாக எடுத்துக்கொண்டோம். முதலில் நாலு. மூலை முழுவதும் பச்சை. வியாழக்கிழமை நான் எல்லாருக்கும் காட்டிய தங்கம் இதுதான்.

ஆறு போட்டோம். பச்சை ஓரத்திலிருந்து சுருங்கியது. சுருங்கின இடத்தில் வெளிச்சம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. கருப்புதான் வந்தது. இந்தத் தடவை நிஜமான கருப்பு. கதிர் போய்த் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று சொன்ன கருப்பு.

எட்டு போட்டோம். அது முடிய இரண்டே முக்கால் ஆனது. நடுவில் மிளகளவு பச்சை மிச்சம் இருந்தது.

“பத்து போட்டுப் பாத்துடலாங்க” என்றேன்.

“பத்துக்கு இந்தக் கட்டமே ரெண்டு மணி நேரம் ஆகும். எதுக்கு?”

“இன்னும் பச்சை இருக்குதுங்களே. அதுல வெளிச்சம் இருந்துட்டா? ஒரு தடவ பொய் சொல்லிட்டேன். திரும்பவும் தப்பாச் சொன்னா என்னை யாரு நம்புவாங்க?”

அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

“இந்த மூலையில ஒரு மோதலுக்கு வெளிச்சம் எவ்வளவு போகும்? நீங்க தேய்ச்சவங்க, சொல்லுங்க.”

“சக்கரம் போவாத எடம். பாதி போயிடுங்க.”

“எட்டு தடவை பாதி பாதியா போடுங்க.”

போட்டேன். இரண்டில் ஒன்று, நாலில் ஒன்று, எட்டில் ஒன்று. எட்டாவதில் இருநூற்று ஐம்பத்தாறில் ஒன்று.

“நம்ம ஸ்க்ரீன்ல கருப்புல இருந்து வெள்ளை வரைக்கும் எத்தனை படி?”

“இருநூத்தி அம்பத்தாறுன்னு சொன்னீங்க.”

“அப்போ இந்தப் பச்சைக்குப் பின்னாடி பல்பே இருந்தாலும்?”

“ஒரு படி ஏறும்.”

“ஒரு படியில மூலை வெளிச்சமா தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“அப்போ நிறுத்துங்க.”

இங்கே நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். புதன்கிழமை நான் நாலில் நிறுத்தினேன். சனிக்கிழமை எட்டில் நிறுத்தினேன். வித்தியாசம் அந்த எண்ணில் இல்லை. முதல் தடவை நேரம் இல்லை என்று நிறுத்தினேன். இரண்டாவது தடவை, இனிமேல் என்ன வந்தாலும் பதில் மாறாது என்று தெரிந்து நிறுத்தினேன். இப்போது உங்கள் மெஷின் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது. பலம் குறைந்த கதிரை அதுவே விட்டுவிடுகிறது. நல்லது. ஆனால் எந்த அளவுக்குக் குறைந்தால் விடலாம் என்று யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு எண் வைத்திருக்கிறார். அவர் எதற்காக அந்த எண்ணை வைத்தார் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் நூறு போட்டுவிட்டால் பத்திரம் என்று சில பேர் நினைக்கிறீர்கள். அதற்குப் பெயர் பத்திரம் இல்லை. யோசிக்கப் பயம்.

மணி மூன்று. மேனேஜர் டை வெட்டுகிற டூல் ரூமுக்குக் கிளம்பி வராந்தாவில் வந்துகொண்டிருந்தார்.

“சார், ஒரு நிமிஷம் உள்ள வந்து பாருங்க.”

“கட்டிங் ஆரம்பிச்சு வெச்சிட்டு வந்துடறேன்.”

“அதுக்கு முன்னாடி பாருங்க சார்.”

அவரிடம் நான் அதுவரை அப்படிப் பேசினதில்லை. உள்ளே வந்தார். ஸ்க்ரீனைப் பார்த்தார்.

“இது என்ன மூலை இப்படி இருட்டா இருக்கு? நடுவுல என்ன பச்சை?”

சொன்னேன். பச்சை என்றால் தெரியாத இடம், கருப்பு என்றால் வெளிச்சம் வராத இடம்.

“அப்ப வியாழக்கிழமை காட்டின படம்?”

“அந்த மூலைல இருந்தது நான் போட்ட கலரு சார். வெளிச்சம் இல்ல.”

“யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“யாரையும் கேக்கல.”

“சார், அந்த வரியை யாரும் மாத்தற மாதிரி வெளியே வெச்சது நான்” என்றார் மேடம். “அது என்னன்னு இவருக்குச் சொல்லித் தரலை.”

“நான் அவரைக் கேட்டேன்” என்றார் மேனேஜர்.

“நானும் சொல்றேன் சார்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தரையைப் பார்த்தேன். பெங்களூரில் எங்கே போனாலும் அவருக்கு வேலை கிடைக்கும். அதனால்தான் தைரியமாகப் பேசுகிறார் என்று அப்போது நினைத்தேன். அப்படி இல்லை. வேலை எளிதாகக் கிடைக்கிற எத்தனையோ பேரைப் பிறகு பார்த்தேன். இன்னொருவன் தப்பில் தன் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத் தானாக முன்னால் வந்து நின்றவர்கள் குறைவு.

மேனேஜர் டூல் ரூமுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். கட்டியை மெஷினில் ஏற்றி இறுக்கி, ஆயில் திறந்துவிட்டிருந்தார்கள். ஆபரேட்டர் ஸ்விட்சில் கை வைத்திருந்தார். மேனேஜர் தூரத்திலிருந்தே கையைத் தூக்கினார். ஆபரேட்டர் கையை எடுத்தார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பி, “திங்கக்கிழமை வாங்க, பேசிக்கலாம்” என்றார்.

கேட்டில் முனியப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“நீ சொன்னது சரிதான்டா. அந்த மூலை இருட்டுதான்” என்றேன்.

“அது எனக்குத் தெரியும். உனக்கு எப்பத் தெரிஞ்சுது?”

“ரெண்டே முக்காலுக்கு.”

“கம்ப்யூட்டரு வெச்சிக்கினு ரெண்டே முக்கா ஆச்சா?” சைக்கிளில் ஏறினான். பத்தடி போய்க் காலை ஊன்றி நின்றான். “அந்த மேனேஜரு உன்னத் திருப்பி அனுப்புனா என் பக்கத்துல வந்து நில்லு. நீ சும்மா புடிச்சிக்கினு இரு. ரெண்டு பேரு கிண்ணத்தையும் நானே தேச்சிக்கறன்.”

அவன் சைக்கிள் கண்ணுக்கு மறையும் வரை கேட்டிலேயே நின்றேன். இந்தக் கட்டுரையை அவன் படிக்கமாட்டான். தமிழ் படிக்க வராது. யாரையாவது விட்டுப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

மேடம் அதற்கு அடுத்த வருஷம் பெங்களூரிலேயே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். கடைசி நாள் பஸ் ஸ்டாண்ட் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ் கிளம்பும்போது, “பச்சையை விட்டுடாதீங்க அண்ணா” என்றார். விடவில்லை.

கட்டிங்கை நிறுத்திய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பஃபிங்குக்குத் திரும்பினால் கை தாங்குமா என்று நான் குழாயடியில் குடத்தை வலது கையால் தூக்கிப் பார்த்தேன். பாதியில் விட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் மேல் தண்ணீர் பட்டு ஏச்சு வாங்கினேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு மேனேஜர் மேஜை முன்னால் போய் நின்றேன். அவர் ஃபைல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“வண்டிக் கம்பெனிக்கு சனிக்கிழமையே போன் பண்ணிட்டேன்.”

“சரி சார்.”

“நல்லா திட்டினாங்க. என்னைத்தான்.”

“நான் போட்ட கலரு சார் அது.”

“படத்துல என் கையெழுத்து இருக்கு. மூலைக்கு எப்படி லைட் வருதுன்னு நானும் கேக்கல. நல்லா இருந்துது, விட்டுட்டேன்.” ஃபைலை மூடினார். “திட்டி முடிச்சிட்டு அந்தப் பச்சைப் படத்தை அனுப்பச் சொன்னாங்க. அதை வெச்சிக்கிட்டு அந்தச் சுவரை இறக்கி வரையப் போறாங்களாம்.”

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“இனிமே எந்த விளக்கா இருந்தாலும் ரெண்டு படம் வரணும். ஒண்ணு பச்சையோட, ஒண்ணு பச்சை இல்லாம. பச்சை இருக்கறது முதல்ல என் டேபிளுக்கு வரணும். புரிஞ்சுதா?”

“யாரு போடறது சார்?”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“வேற யாரு இருக்காங்க? போய் உக்காருங்க.”

போய் உட்கார்ந்தேன். ரிட்டயர் ஆகிற வரைக்கும் அந்த நாற்காலியில்தான் இருந்தேன்.